நனைந்த எடை

கடைக்கு வருகிறவர்கள் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘கிராம்’ என்றால்தான் தெரியும். ஓடுகிறவர்களுக்கு ஷூ விற்கிற கடை அது. கண்ணாடிக் கதவு, நீளமாக ஒரு பெஞ்சு, காலை அளக்க ஓர் இரும்புப் பலகை, கல்லா மேசைமேல் ஒரு மின்தராசு. தராசுதான் அங்கே முதலாளி, அவன் அதற்கு வேலைக்காரன் என்றுதான் சொல்ல வேண்டும். ஷூ வந்தால் எடை, லேஸ் வந்தால் எடை, உள்ளே போடுகிற மெத்தை அட்டை வந்தால் அதற்கும் எடை. கல்யாணமான புதிதில் பெண்டாட்டியின் தலையிலிருந்து கிளிப்பைக் கழற்றித் தராசில் வைத்து, “இதையும் சுமந்துக்கிட்டா ஓடப் போற?” என்று கேட்ட மனுஷன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்டான். அன்றைக்கு அவளும் சிரிக்கத்தான் செய்தாள்.

அவள் காலையில் ஒரு பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் டீச்சர், மதியத்துக்கு மேல் இந்தக் கடையில் பில் போடுகிறவள். ஏரியில் நீந்தி, கரையேறிச் சைக்கிள் மிதித்து, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடுகிற ட்ரையத்லான் பந்தயத்தில் பல வருஷமாகக் கலந்துகொள்கிறாள். தோள் அகலம், கால் கெட்டி. தண்ணீரில் இறங்கிவிட்டால் ஆண்பிள்ளைகளே அவளுக்குப் பின்னால்தான் வர வேண்டும். ஓட்டத்தில் மட்டும் கொஞ்சம் பின்தங்குவாள். ஷூதான் காரணம் என்பது அவள் கட்சி.

இந்த ஷூ சமாசாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விளங்காது. ஐந்து, பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கென்று காகிதம் மாதிரி லேசான பந்தய ஷூ உண்டு. அடியில் மெத்தை குறைவு, போட்டுக்கொண்டால் பறக்கலாம். இருபத்தோரு கிலோமீட்டர் என்றால் கொஞ்சம் மெத்தை வேண்டும், இல்லாவிட்டால் முக்கால் தூரத்தில் கெண்டைக்கால் பழிவாங்கிவிடும். ட்ரையத்லானுக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். ஈரக்காலைத் துடைக்கவும் நேரமில்லாமல், சாக்ஸும் இல்லாமல், அப்படியே நுழைத்துக்கொண்டு ஓட வேண்டும்.

கிராம் வருஷா வருஷம் பெண்டாட்டிக்கு எடுத்துக் கொடுப்பது கட்டை மாதிரி ஒரு ஷூ. மெத்தை மேல் மெத்தை. அதற்கு அவள் வைத்த பேர் ‘பாறாங்கல்’. “எனக்கும் அந்த லேசானதக் குடுங்களேன்” என்று கேட்பாள். “உனக்கு அது ஒத்துவராது” என்பான். “ஒத்துவராதுன்னா?” என்றால், “உன் உடம்புக்கு” என்பான். இரண்டே வார்த்தை, ஊசி மாதிரி. தெருவில் போகிறவளுக்கெல்லாம் மண்டியிட்டு லேசான ஷூவை மாட்டிவிடுவான், கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் பாறாங்கல். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான் அவள் கதை. சண்டை போட்டிருக்கிறாள், சாப்பிடாமல் படுத்திருக்கிறாள், ஒருமுறை பாறாங்கல்லைச் சுவரில் விட்டெறிந்தும் இருக்கிறாள். சுவர்தான் காரை பெயர்ந்தது, ஷூவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த வருஷம் விஷயம் வேறு. தேசியப் போட்டிக்கு அவர்கள் சங்கத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணை அனுப்புவதாக இருந்தார்கள். அதற்கென்று ஒரு தேர்வுப் பந்தயம், ஓட்டம் மட்டுமே இருபத்தோரு கிலோமீட்டர், முதலில் வருகிறவள் போகலாம். நாற்பது வயது ஆகிவிட்டால் சேர்ப்பதில்லை. டீச்சருக்கு முப்பத்தொன்பது. இதை விட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் கிடையாது. அவளுக்குப் போக வேண்டும். வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் குளத்தில் பிள்ளைகளுக்குக் கால் உதைக்கக் கற்றுக்கொடுக்கும்போதும் அந்த நினைப்புத்தான்.

அவளை ஓட்டத்தில் முந்தக்கூடியவள் சங்கத்திலேயே ஒருத்திதான். வெளியாள் இல்லை, சொந்த நாத்தனார். கிராமின் தங்கை. கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள், வந்த புதிதில் பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். டீச்சர்தான் ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளத்தில் இறக்கினாள். “அண்ணி, செத்துருவேன்” என்று அலறினவளை, “செத்தா நான் பொறுப்பு, காலை உதைடி” என்று அதட்டி நீந்த வைத்தாள். பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம். ஈர்க்குச்சி உடம்பு, ஓட ஆரம்பித்தால் தரையில் கால் படுகிற சத்தமே கேட்காது. தானே வளர்த்த போட்டி. அதில் டீச்சருக்குப் பெருமைதான், பொறாமை கிடையாது. கொஞ்சம் பயம் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பந்தயத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது, கடைக்கு விடுமுறை நாளில், கிராம் இரண்டு பேரையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தான். பாதத்தை அளந்தான், குதிகாலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். உள்ளே போய் இரண்டு பெட்டிகளோடு வந்தான். தங்கைக்குக் கறுப்பு ஷூ. நடுத்தர மெத்தை, அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை, குதிகாலில் பிடித்து இழுக்க ஒரு வளையம். அடுத்த பெட்டியில் பாறாங்கல்தான் இருக்கும் என்று டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மடியில் எதையோ வைத்தான். வைத்ததே தெரியவில்லை, அவ்வளவு லேசு. திரும்பிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று பந்தய ஷூ.

“ரொம்ப நாளா கேட்டியே” என்றான்.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. “அய்யய்யோ, ஷூவுக்கா அண்ணி அழுவீங்க?” என்று நாத்தனார் தோளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். ஷூவுக்கு யார் அழுதார்கள்? உன்னாலும் முடியும் என்று ஒரு மனுஷன் சொல்வதற்கு இத்தனை வருஷம் ஆயிற்றே என்றுதான் அழுதாள். கிராம் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். பிறகு குனிந்து காலிப் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டான்.

வெள்ளை ஷூவை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடிப் பார்த்தாள். காலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. “அடியில இருக்கற நுரை மெத்தை சீக்கிரம் அமுங்கிப் போயிடும், பந்தயத்துக்கு வெச்சுக்க” என்று அவன் சொன்னதால், சில நாள் மட்டும் காய்ந்த சாலையில் ஓடிவிட்டு, துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். தண்ணீரிலேயே பிழைப்பு நடத்துகிறவள், காலையெல்லாம் ஈரத்தில் நிற்கிறவள், இந்த ஷூ நனைந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அப்புறம், யோசிப்பதற்குத்தான் வீட்டில் ஒருத்தன் இருக்கிறானே என்கிற தைரியம்.

பந்தயத்தன்று ஏரியிலிருந்து முதலில் கரையேறினவள் அவள்தான். சைக்கிளிலும் யாரும் கிட்டே வரவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு ஓட்டத்தைத் தொடங்கியபோது நாத்தனார் கண்ணுக்கே தெரியவில்லை. நெஞ்சு நிறைந்து போயிருந்தது. கிடைத்துவிட்டது, கிடைத்தேவிட்டது என்று காலடிக்குக் காலடி மனசு சொல்லிக்கொண்டே வந்தது.

அன்றைக்கு வெயில் கொளுத்தியது. வழிநெடுக மேசை போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். எல்லாரையும் போல அவளும் குடித்தது பாதி, தலையில் ஊற்றிக்கொண்டது பாதி. ஊற்றினது உடம்பு வழியாக இறங்கி நேரே ஷூவுக்குள் போயிற்று. அதன் அடியில் ஓட்டை கிடையாது. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை, நுரை பஞ்சு மாதிரி குடித்துக்கொண்டே இருந்தது. பாதி தூரத்தில் கால் கனக்க ஆரம்பித்தது. களைப்பு என்று நினைத்தாள். பிறகு உள்ளே மெத்தை அட்டை நழுவி, விரல்களுக்கு அடியில் சுருண்டு கட்டியாக நின்றது. சாலையோரம் உட்கார்ந்து அதைப் பிடுங்கி எறிந்தாள். அதற்கப்புறம் உள்தையல் பாதத்தை அரைத்தது. ஒவ்வொரு அடிக்கும் தோல் உரிந்தது அவளுக்குத் தெரிந்தது. வெள்ளை ஷூ பக்கவாட்டில் சிவந்து வந்தது.

கறுப்பு ஷூ பக்கத்தில் வந்தபோது முடிவுக்கோடு தூரத்தில் தெரிந்துவிட்டது. “அண்ணி, என்னாச்சு? வாங்க, வாங்க, சேர்ந்து போயிடலாம்” என்று நாத்தனார் வேகத்தைக் குறைத்தாள். “போடி, நிக்காத” என்று கத்தினாள் டீச்சர். அவள் போய்விட்டாள். டீச்சர் இரண்டாவதாக, நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மூன்றாவதாக வந்தது வேறு சங்கத்திலிருந்து அந்த வருஷம்தான் மாறி வந்த ஒரு பெண்.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்தாள். நாத்தனார் தரையில் உட்கார்ந்து, ஒட்டிக்கொண்டிருந்த தோலைக் கத்தரித்து மருந்து போட்டாள். பாவம், ஜெயித்த சந்தோஷத்தைக்கூட வெளியே காட்டவில்லை.

“அவ்ளோ தண்ணி ஊத்திக்கிட்டீங்களே அண்ணி. கடைசில கிட்ட வந்தப்ப நான் பின்னாலேர்ந்து பார்த்தேன். நனைஞ்சா அது ரெண்டு மடங்கு கனம் ஆயிடும்ல?”

“உனக்கெப்படித் தெரியும்?”

“அண்ணன்தான் பார்த்தாரே. நமக்கு ஷூ குடுத்ததுக்கு முந்தின வாரம், பின்கட்டுல வாளியில ரெண்டையும் ஊறப்போட்டு எடுத்து எடை போட்டாரு. என்னுது தண்ணிய வடிச்சிருச்சு. வெள்ளை அப்படியே குடிச்சு வெச்சிருந்துச்சு. தராசப் பார்த்துட்டு, சே, இது தண்ணிக்கு ஆகாதுன்னாரு. அதான் உங்களுக்குக் குடுத்தப்ப, அண்ணிக்கு ஏதோ கணக்கு வெச்சிருக்காரு போலன்னு...” என்றவள் நிமிர்ந்து பார்த்தாள். “உங்ககிட்ட சொல்லலையா?”

டீச்சர் காலை இழுத்துக்கொண்டாள். நாத்தனாரின் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது. அவள் முகம் வெளுத்துப் போனது. எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் கிராம் களிம்பு வாங்கிக்கொண்டு வந்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டதுண்டு, அன்றைக்குத்தான் டீச்சர் கண்ணால் பார்த்தாள்.

“வாளியில ஊறப்போட்டுப் பார்த்தீங்களாமே” என்றாள்.

களிம்பு மூடியைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது. மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால்கூட அவள் நம்பியிருப்பாள், நம்பத்தான் ஆசைப்பட்டாள்.

“நீதான கேட்ட?” என்றான்.

“கேட்டேன். வருஷா வருஷம் கேட்டேன். வருஷா வருஷம் வேண்டாம்னுதான சொன்னீங்க?”

“வேண்டாம்னாலும் சண்டை, குடுத்தாலும் சண்டையா?” என்று குரலை உயர்த்தப் பார்த்தான். அது எடுபடவில்லை. உட்கார்ந்துவிட்டான். “அவ எப்படிக் கிடந்தான்னு நீயே பார்த்தல்ல. இது ஒண்ணு கிடைச்சா எழுந்து நிப்பா. கிடைக்கலேன்னா மறுபடி அந்தச் சுவருதான். உனக்கென்ன, நீ தாங்குவ. எதுவும் தாங்குவ. ரெண்டு பேரும் நம்ம வீட்டு ஆளுங்கதான, யார் போனா என்ன?”

தாங்குவாளாம். அவளுக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. இத்தனை வருஷம் ‘வேண்டாம்’ என்று சொன்னானே, அப்போதெல்லாம் அவள் காலைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறான். சொல்லத் தெரியாமல் உடம்பு, உடம்பு என்று குத்தியிருக்கிறான். அந்த அக்கறையை எதிர்த்துத்தான் அவள் சண்டை போட்டிருக்கிறாள், அதைத்தான் தூக்கிச் சுவரில் எறிந்திருக்கிறாள். என்றைக்குச் ‘சரி’ என்றானோ, அன்றைக்குத்தான் அது இல்லாமல் போயிருக்கிறது. அன்றைக்குப் போய் அழுதாளே, சந்தோஷத்தில்.

“நான் அழுதத நீங்க பார்த்தீங்கதான?” என்று மட்டும் கேட்டாள். அவன் களிம்பை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனான்.

மறுநாள் நாத்தனார் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது. “நான் ஜெயிக்கல அண்ணி. ஜெயிக்க வெச்சிருக்காரு. சங்கச் செயலாளருக்குப் போன் பண்ணி நான் போகலன்னு சொல்லிட்டேன். நீங்கதான் போகணும்” என்றாள்.

“பைத்தியமா உனக்கு? நீ என்ன தப்பு பண்ணின? ஓடினது உன் காலுதான? நீ போ.”

“அது உங்க இடம். எனக்கு ஒட்டாது.”

செயலாளர் டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார். ‘சரி’ என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. வந்தது என்ன, நாக்கில் வந்து உட்கார்ந்தே விட்டது. எத்தனை நாள் ஆசை! ஆனால் கதவுக்கு அந்தப்பக்கம் ஒருத்தி அழுதுகொண்டிருக்கும்போது, அவள் போட்ட பிச்சையில் போவதா? “அவதான் முதல்ல வந்தா சார், அவளையே அனுப்புங்க” என்றாள். அவர் நாத்தனாரைக் கூப்பிட்டார். அவள், “அண்ணியை அனுப்புங்க” என்றாள். நீ போ, நீ போ என்று விட்டுக்கொடுப்பதில் இரண்டு பேரும் இரண்டு நாள் ஒரு பந்தயம் ஓடினார்கள். செயலாளருக்கு இந்த வீட்டு ராமாயணமெல்லாம் தெரியாது, பொறுமையும் கிடையாது. “எனக்குப் பேரு குடுக்கணும்மா, கடைசியா கேக்கறேன்” என்றார். கடைசியாகவும் இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள். அவர் போனை வைத்துவிட்டார். நாத்தனார் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கிராமிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. தங்கை ஜெயித்த களைப்பில் தூங்குகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரக் கடைசியில், காலில் கட்டோடு டீச்சர் கல்லா மேசையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். மூன்றாவதாக வந்தவள். நேரே டீச்சரிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்களுக்கு நன்றி சொல்லத்தான் முதல்ல வந்தேன். முந்தாநாள் போன் வந்தப்ப நான் நம்பவே இல்ல. முதல் ரெண்டு பேரும் வேணாம்னுட்டாங்க, நீதாம்மா தேசியப் போட்டிக்குப் போறன்னாரு செயலாளரு. ஏன்க்கா போகல? காலுனாலயா?”

அலமாரியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கிராம் திரும்பினான். கையில் இருந்த பெட்டி சரிந்து மூடி கழன்று விழுந்தது. பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். “நல்லா ஓடிட்டு வாம்மா” என்றாள். மனசாரத்தான் சொன்னாள், அவள்மேல் என்ன கோபம்?

“அதுக்குத்தான் ஷூ பார்க்க வந்தேன். நீங்க போட்டிருந்தீங்களே அக்கா, வெள்ளையா, அதான் வேணும். கண்ணுக்குள்ளயே நிக்குது.”

கிராம் மெதுவாக வந்து பெஞ்சுக்கு எதிரே மண்டியிட்டான். பழக்கம், கால் தானாக மடங்கியது. அந்தப் பெண்ணின் பாதத்தைப் பலகையில் வைத்தான்.

“அது வேண்டாம்மா. இருபத்தோரு கிலோமீட்டருக்கு அது ஆகாது. நனைஞ்சா ரெண்டு மடங்கு கனக்கும். தோலை உரிச்சிரும். உனக்கு அடியில ஓட்டை இருக்கற மாதிரி எடுத்துத் தரேன்.”

“அப்படியா? நல்லவேளை சொன்னீங்க. இது உங்களுக்கு எப்பண்ணே தெரிஞ்சுது?”

அவன் அளவுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் பதிலுக்காக அவனைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

“பந்தயத்துக்கு ரொம்ப முன்னாடியே தெரியும்” என்றாள் டீச்சர். “வாளியில ஊறப்போட்டு எடை போட்டுப் பார்த்தாரு.”

“அப்புறம் எதுக்குக்கா அதப் போட்டுக்கிட்டு ஓடினீங்க?”

டீச்சர் புருஷனைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

“நான்தான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு, பில் போட அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாள்.